வியன்னா 1895: தாராளவாதத்தின் வீழ்ச்சி

'மெய்யான மக்களின் குரல் நாங்களே. கற்றோரும் செல்வரும் பத்திரிகைக்காரரும் உங்களை ஏய்த்து வந்தவர்கள்' என மேடையேறி முழங்கும் அரசியல், இருபத்தோராம் நூற்றாண்டில் பல நாடுகளில் வலுப்பெற்றிருக்கிறது. தனிமனித உரிமை, சட்டத்தின் ஆட்சி, கருத்துச் சுதந்திரம் ஆகியவற்றைத் தூண்களாகக் கொண்ட தாராளவாதம் அதன்முன் திகைத்து நிற்கிறது. இதனைப் புதிய நோய் எனக் கருதுவோர் பலர். ஆயின் இந்நோயின் குறிகளை முன்னரே துலக்கமாகக் காட்டிய நகரம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தலைநகராக விளங்கிய வியன்னாவே அது.

1861 முதல் அந்நகராட்சி தாராளவாதிகளின் கையில் இருந்தது. அவர்கள் ஆற்றிய பணி சிறிதன்று. 1867-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் சமயம் பாராது குடிமக்களைச் சட்டத்தின்முன் சமமாக்கியது. யூதர்கள் முழு உரிமை பெற்றனர். 1873-இல் ஆல்ப்ஸ் மலைச் சுனைநீர் குழாய்வழி நகருக்கு வந்தது. அதற்காக முன்னின்று உழைத்தவர் நிலவியல் அறிஞர் எதுவார்ட் சூயஸ். கோட்டை மதிலை இடித்த வெளியில் அமைந்த ரிங் வீதியில் நாடாளுமன்றமும் பல்கலைக்கழகமும் நாடக அரங்கும் எழுந்தன. ஆனால் வாக்குரிமையோ வரி செலுத்தும் ஆற்றலோடு பிணைக்கப்பட்டிருந்தது. கல்வியும் சொத்தும் உடையோரே அரசியலுக்கு உரியோர் எனத் தாராளவாதிகள் எண்ணினர். 'மனிதன்' என்று எழுதினர். 'வரி செலுத்துவோன்' என்று பொருள்கொண்டனர்.

அதே 1873-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் வியன்னாப் பங்குச்சந்தை சரிந்தது. வங்கிகள் முறிந்தன. ஆலைப்பொருள்களோடு போட்டியிட முடியாமல் ஏற்கெனவே தள்ளாடிய தையற்காரரும் தச்சரும் சிறுகடைக்காரரும் மேலும் நொந்தனர். சந்தை தானே சீராகும் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தாராளவாதிகளிடம் எதுவும் இல்லை. 1882-இல், ஆண்டுக்கு 5 கில்டர் நேர்வரி செலுத்தும் ஆண்களுக்கும் நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது. அதனை வழங்கியவர் தாராளவாதிகளின் எதிரியான பழைமைவாத முதலமைச்சர் தாஃபே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. கதவு திறந்தபோது உள்ளே வந்தவர்கள், தம்மை அதுவரை வெளியே நிறுத்தியவர் யார் என்பதை மறக்கவில்லை.

அந்நினைவுக்குக் குரல் கொடுத்தவர் கார்ல் லுவேகர் (1844-1910). தொழில்நுட்பக் கல்விக்கழகம் ஒன்றின் பணியாளருடைய மகன், வழக்கறிஞர், தாராளவாதியாகவே 1875-இல் நகர்மன்றம் புகுந்தவர். வியன்னாவின் தெருமொழியில் அவர் பேசினார். சிறுவணிகரின் இன்னலுக்கு அவர் சுட்டிய காரணம் எளியது: யூதர். வங்கி, பத்திரிகை, பல்கலைக்கழகம் அனைத்தையும் அந்த ஒற்றைச் சொல்லில் அடக்கினார். யூத நண்பர்களோடு விருந்துண்ணவும் அவர் தயங்கியதில்லை. வெறுப்பு அவருக்கு நம்பிக்கை என்பதினும் கருவியே என்பர். கருவி என்பதால் காயம் குறைந்துவிடவில்லை.

1895-இல் அவருடைய கிறிஸ்தவ சமூகக் கட்சி நகர்மன்றத்தைக் கைப்பற்றி அவரை மேயராகத் தேர்ந்தது. அப்பதவிக்குப் பேரரசரின் ஒப்புதல் வேண்டும். பேரரசர் ஃபிரான்ஸ் யோசெப் மறுத்தார். மன்றம் மீண்டும் தேர்ந்தது, மீண்டும் மறுத்தார். தாராளவாதிகள் மகிழ்ந்தனர். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்ட், அம்மகிழ்ச்சியில் தமக்கு விதித்துக்கொண்ட அளவை மீறிச் சுருட்டுப் பிடித்ததாக நண்பர் ஒருவருக்கு எழுதினார். யூதரான அவருடைய அச்சம் நியாயமானது, அதனை எள்ளுவதற்கில்லை. எனினும், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டப் பிறந்த ஓர் இயக்கம், வாக்காளர் தீர்ப்பிலிருந்து தப்ப மன்னரின் நிழலிலேயே ஒதுங்கியது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். தாராளவாதம் அன்றே தோற்றுவிட்டது எனலாம். 1897 ஏப்ரலில் பேரரசர் இணங்கினார். லுவேகர் சாகும்வரை மேயராக இருந்தார்.

அவர் ஆட்சி வெறுங்கூச்சலாக முடியவில்லை. எரிவாயுவும் மின்சாரமும் டிராம் வண்டியும் நகராட்சியின் உடைமையாயின. இரண்டாம் மலைநீர்க் குழாய்வழி 1910-இல் திறக்கப்பட்டது. எளியோரின் தேவைகள் மெய்யானவை என்பதற்கு இவையே சான்று. ஆனால் நஞ்சும் உடன் வந்தது. 1908 முதல் 1913 வரை அந்நகரில் வாழ்ந்த அடால்ஃப் ஹிட்லர், பின்னர் தன் நூலில் லுவேகரை வியந்து போற்றினான்.

அக்காலக் கவிஞர்கள் எங்கே இருந்தனர்? ஹோஃப்மன்ஸ்தாலும் ஷ்னிட்ஸ்லரும் கிரீன்ஸ்டைடல் காப்பிக்கடையில் கூடினர். லுவேகர் பதவியேற்ற அதே 1897-இல் அக்கடை மூடப்பட்டது. கார்ல் கிராவுஸ் அந்தக் கூட்டத்தை எள்ளி 'இடிக்கப்பட்ட இலக்கியம்' என எழுதினார். கவிதையில் தோய்ந்திருந்த தம் தலைமுறை தெருவில் எழுந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை என்று ஸ்டெஃபான் ஸ்வைக் பிற்காலத்தில் தம் நினைவுநூலில் எழுதினார். யூத வெறுப்பு மண்டிய அந்நகரச் சூழலை ஷ்னிட்ஸ்லர் ஒரு புதினத்தில் விரித்தது 1908-இல்தான். அதற்குள் பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

ரிங் வீதியில் லுவேகரின் பெயர் தாங்கியிருந்த பகுதி 2012-இல் 'பல்கலைக்கழக ரிங்' எனப் பெயர் மாறியது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. வெகுமக்களின் கோபத்தை அறியாமை என ஒதுக்குவோர் வியன்னாத் தாராளவாதிகளின் பிழையையே மீண்டும் செய்கின்றனர். கோபம் மெய் என்பதற்காக, அது கைகாட்டும் பகைவரையும் மெய்யென ஏற்போர் அதனினும் பெரும்பிழை செய்கின்றனர். துயரையும் பகையையும் பிரித்துச் சொல்லும் மொழியைத் தேடுவது, சொல்லையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோரின் கடன். பத்தாண்டு நிறைவெய்தும் நம் வட்டம் வரும் ஆண்டுகளில் அக்கடனை மேற்கொள்ளுமாக.