நெற்றிப் பட்டையும் ஹான்ஸ் பெர்கரும்: ஒரு குட்டி வரலாறு

1/ நெற்றியில ஒரு பட்டையை மாட்டினா, மனசு எவ்வளவு அமைதியா இருக்குன்னு ஆப் மார்க் போடுது. "வாங்கலாமா டாக்டர்?"னு நிறைய பேர் கேக்குறீங்க. முதல்ல ஒரு கதை.

2/ 1890களில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்த ஹான்ஸ் பெர்கர் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் பிழைத்தார். அன்றே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி! தொலைவில் இருந்த சகோதரிக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்துன்னு தோணியிருக்கு.

3/ எண்ணம் மூளையைத் தாண்டிப் பயணிக்குமா? அந்தக் கேள்விதான் அவரை மனநல மருத்துவர் ஆக்கியது. 1924ல் யேனா நகரில், மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். வெளியிட்டது 1929ல். பலர் நம்பல. 1934ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் செஞ்சு பாத்து உறுதிப்படுத்தினாங்க.

4/ டெலிபதி கிடைக்கல. கிடைத்தது ஆல்ஃபா அலை, நொடிக்கு 8 முதல் 13 வரை. கண்ணை மூடினா பெருகும், திறந்தா அடங்கும்.

5/ சிக்கலே இங்கதான். கண்ணை மூடிக்கிட்டு நாளைக்குக் கட்ட வேண்டிய வட்டியை நினைச்சாலும் ஆல்ஃபா வரலாம். பல்லைக் கடிச்சா தசையின் மின்சாரமும் கலந்துடும்.

6/ தியானத்துக்குத் துணையா வச்சுக்கோங்க, தப்பில்ல. மார்க் குறைஞ்சா பயப்படாதீங்க. ஆனா அதை நம்பி வலிப்பு மாத்திரையையோ, பதற்றத்துக்கான மாத்திரையையோ தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. அது அலையைத்தான் அளக்குது, உங்க மனசை இல்ல.