மல்லிகைச் சாறும் தோல் ஒவ்வாமையும்

மல்லிகைச் சாறு என்பது மல்லிகை இனப் பூக்களிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கப்படும் செறிந்த நறுமணப் பொருள் ஆகும். வாசனைத் திரவியம், முகப்பூச்சு, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றில் இது சேர்க்கப்படுகிறது. சிலருடைய தோலில் இது ஒவ்வாமையை உண்டாக்கும் என்பது 1970களில் தெளிவாயிற்று.

திருச்சிராப்பள்ளியில் அரியமங்கலம் முதல் ஸ்ரீரங்கம் வரை, மல்லிகை என்றால் தலையில் சூடும் சரமும் பெருமாளுக்குச் சாற்றும் மாலையும்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பூ வருகிறது. சாறு எடுக்கும் தொழிலோ மேற்கே சத்தியமங்கலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் வளர்ந்தது. மல்லிகையை நீராவியில் வடித்தால் மணம் கெட்டுவிடும். ஆகவே ஹெக்சேன் என்னும் கரைப்பானால் பூவின் மணப்பொருள்களைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்குகிறார்கள். எஞ்சும் மெழுகு போன்ற பொருள் 'கான்கிரீட்'. அதை எரிசாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது 'அப்சல்யூட்'. 1000 கிலோ பூவுக்குச் சுமார் 3 கிலோ கான்கிரீட் தேறும்; அப்சல்யூட் அதில் ஏறத்தாழப் பாதி. சூடிய பூ ஒரு மாலைப்பொழுது கூந்தலில் இருந்து வாடிவிடும். பூச்சில் கலந்த சாறு, சிறிதளவே ஆனாலும், நாள்தோறும் தோலில் படுகிறது.

மணம் தரும் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவற்றுள் சில தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே புரதங்களுடன் பிணைகின்றன. அதனை உடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருளாக அறிந்து வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த முறை பூசும்போது ஓரிரு நாளில் அரிப்பும் சிவப்பும் தோன்றும். பல ஆண்டுகள் பயன்படுத்திய பொருளே திடீரென ஒவ்வாமல் போவது இதனால்தான்.

ஜப்பானில் 1960களிலும் 1970களிலும் பெண்கள் பலருக்கு முகத்தில் கரும்பழுப்புத் திட்டுகள் படர்ந்தன. தோல் மருத்துவர் ஹிதேயோ நகயாமாவும் உடன் ஆய்ந்தோரும் ஒட்டுச் சோதனை செய்து, சில நறுமணப் பொருள்களையும் சாயக் கலப்பையும் காரணங்களாகக் கண்டனர். மல்லிகை அப்சல்யூட் அவற்றுள் ஒன்று. திட்டை மறைக்க மேலும் பூசினால், காரணப் பொருளே மறுபடியும் தோலில் சேரும், கொடுமை அதுதான். 1977 முதல் பெரிய நிறுவனங்கள் அப்பொருள்களை விலக்கத் தொடங்கிய பின் நோய் குறைந்தது. நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய சிக்கல் குங்குமத்தால் வருவது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் அவ்வகை நோயாளிகள் 46 பேரைப் பற்றிய ஆய்வை 2007இல் வெளியிட்டனர்.

'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்ற விளம்பர வாதம் மல்லிகையிடம் செல்லாது. அதே சமயம் செயற்கை மணமும் தப்பவில்லை. மல்லிகை வாசனைக்காகச் சோப்புகளில் மலிவாகச் சேர்க்கப்படும் அமைல் சின்னமால், நறுமண ஒவ்வாமையைக் கண்டறியும் சோதனைக் கலவையின் எட்டுப் பொருள்களில் ஒன்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் 26 நறுமணப் பொருள்களின் பெயரைப் புட்டியில் தனித்தனியே அச்சிடச் செய்தது. 2023ஆம் ஆண்டின் ஆணை அப்பட்டியலை 80க்கு மேல் விரிவாக்கி, மல்லிகை எண்ணெயையும் சாற்றையும் சேர்த்தது. புதிய பொருள்களுக்கு அது 2026 ஜூலை 31 முதல் பொருந்தும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல புட்டிகளிலோ 'பெர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லே இருக்கிறது.