சரிவுக் காலத்தில் உயர் வருமான வரி: இலங்கையின் 2023 திருத்தம் பற்றிய ஒரு மீள்பார்வை

2023 ஜனவரி முதல் இலங்கையில் மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் சம்பளம் பெறுவோர் மீண்டும் வருமான வரி வலைக்குள் வந்தனர். முந்தைய ஆண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 7.3 சதவீதம் சுருங்கியிருந்தது. 2023 இலும் அது மேலும் 2.3 சதவீதம் சுருங்கியது. சரிவு முடியுமுன்பே வந்த இந்த வரி உயர்வை எதிர்த்து வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சரிவுக் காலத்தில் வரியை உயர்த்துவதே தவறு என்றது ஒரு தரப்பு. இருப்பவர்கள் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றது மறுதரப்பு. உயர் வருமானம் பெறுவோர் மீது சரிவுக் காலத்திலும் வரியை உயர்த்தலாம் என்றே இக்கட்டுரை வாதிடுகிறது. 2023 இல் இலங்கை செய்தது அதுவல்ல என்பது இதன் இரண்டாவது வாதம்.

முதல் தரப்பின் வாதம் பொருளியலாளர் கெய்ன்சிலிருந்து வருகிறது. கேள்வி (பொருள்களையும் சேவைகளையும் வாங்கும் தேவை) வீழ்ந்து கிடக்கும்போது மக்கள் கையிலுள்ள பணத்தை அரசு எடுத்துக்கொண்டால் கேள்வி இன்னும் வீழும். கிறிஸ்டினா ரோமரும் டேவிட் ரோமரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் உற்பத்தியின் 1 சதவீத அளவுக்கு வரியை உயர்த்தினால் உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் வரை குறைகிறது என்று கண்டது. ஆயினும் இந்தச் சராசரிக்குள் யாருடைய வரி என்ற கேள்வி மறைந்துபோகிறது. ஓவன் சிடாரின் 2019 ஆய்வு அதைப் பிரித்துக் காட்டியது: வேலைவாய்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் கீழுள்ள 90 சதவீதத்தினரின் வரி மாற்றங்களே, உச்சியிலுள்ள 10 சதவீதத்தினரின் வரி மாற்றம் ஏற்படுத்தும் விளைவு சிறியது. செல்வந்தர் வரியைச் சேமிப்பிலிருந்து கட்டுகிறார். நடுத்தரக் குடும்பம் கடைச் செலவைக் குறைத்துக் கட்டுகிறது.

அமெரிக்காவில் 1932 இல் ஜனாதிபதி ஹூவரின் ஆட்சி கொண்டுவந்த வருமானச் சட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உச்ச வரி வீதத்தை 25 இலிருந்து 63 சதவீதமாக்கிய சட்டம் என்றே அது நினைவில் நிற்கிறது. அதே சட்டம் தனியாளின் வரிவிலக்கு எல்லையை 1,500 டொலரிலிருந்து 1,000 டொலராக இறக்கியது. பல பொருள்களுக்கு உற்பத்தித் தீர்வை விதித்தது. ஒவ்வொரு காசோலைக்கும் 2 சதம் வரியும் போட்டது. வங்கிகள் விழுந்துகொண்டிருந்த காலத்தில் அந்தக் காசோலை வரி மக்களை மேலும் ரொக்கத்தின் பக்கம் தள்ளியது. அச்சட்டம் செய்த கேட்டுக்கு 63 சதவீதத்தை மட்டும் குற்றவாளியாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடன் வாங்க முடியாத அரசுக்கு கெய்ன்சின் மருந்து கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் இலங்கை அரசு பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 சதவீதமாக்கியது. தனிநபர் வரிவிலக்கை ஆண்டுக்கு 30 இலட்சமாக்கியது. உச்ச வீதத்தை 24 இலிருந்து 18 ஆக இறக்கியது. உற்பத்தியின் 12 சதவீதத்துக்கு மேலிருந்த அரச வருமானம் இரண்டே ஆண்டுகளில் 8 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. பெருந்தொற்றும் அதில் பங்கெடுத்தது. பற்றாக்குறையை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வரி விதிக்காவிட்டால் பணவீக்கம் விதிக்கும் என்பதே அன்றைய நிலை. அதன் சுமை அதிகம் விழுந்தது நாட்கூலிக்காரர் மீது. ஆகவே வரியை உயர்த்தியதை நான் குறை கூறவில்லை. குறை, கோடு கிழித்த இடத்தில்தான்.

2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ், சம்பளம் பெறுபவருக்கு ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா வரை வரியில்லை: 5 இலட்சம் பொதுவிலக்கு, 7 இலட்சம் தொழில் வருமான விலக்கு. 2023 இன் எல்லையும் அதே 12 இலட்சம். இடையில் விலைகள் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தன. 2019 இல் மாதம் ஒரு இலட்சம் ரூபா சுமார் 550 டொலர். 2023 ஜனவரியில் 275 டொலருக்குச் சற்று மேல். எண் மாறாதிருக்க, அந்த எண் குறித்த மனிதர் மாறிவிட்டார்.

வீதங்களும் கூடின. மாதம் 2 இலட்சம் ரூபா பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2019 இல் 4, 8 சதவீதப் படிகளில் அவர் மாதம் 6,000 ரூபா கட்டினார். 2020 முதல் 2022 டிசம்பர் வரை ஒன்றும் கட்டவில்லை. 2023 ஜனவரிச் சம்பளத்தில் 6, 12, 18 சதவீதப் படிகளில் 10,500 ரூபா கழிக்கப்பட்டது. அந்த 2 இலட்சத்தின் வாங்கும் சக்தி 2019 இன் ஒரு இலட்சத்தை ஒட்டியது என்பதை நினைவிற்கொண்டால், முன்பு வரியே இல்லாத வாழ்க்கைத் தரத்தில் உள்ள ஒருவர் 2023 இல் 10,500 கட்டினார். உச்ச வீதமான 36 சதவீதமோ மாதம் 308,333 ரூபாவிலேயே தொடங்கிவிட்டது. அன்றைய நாணய மாற்றில் அது 850 டொலரை எட்டாத தொகை. இவ்வளவு தாழ்வான இடத்தில் உச்சப் படியை வைத்துவிட்டால், அனுபவமுள்ள ஒரு வைத்தியரும் பெருந்தோட்டக் கம்பனி உரிமையாளரும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

ஒரே படியில் நின்றாலும் இருவரும் ஒரேபோல் கட்டுவதில்லை. சம்பளத்திலிருந்து வரி முழுவதும் சம்பள நாளிலேயே கழிக்கப்படுகிறது. வைப்பு வட்டியில் 2023 இல் மூலத்தில் பிடிக்கப்பட்டது 5 சதவீதம்; மிச்சம், வட்டி பெறுபவர் தாமாக அறிவித்தால்தான் திறைசேரிக்கு வரும். காணி விற்ற தனிநபரின் மூலதன இலாபத்துக்கு அவ்வாண்டு 10 சதவீதமே இருந்தது. உழைப்பின் உச்ச வீதத்துக்கும் காணி இலாபத்தின் வீதத்துக்கும் இடையே அன்று 26 புள்ளிகள். சொத்திலிருந்து வாழ்பவரைக் காட்டிலும் உழைத்து வாழ்பவரிடம் கூடுதலாக எடுக்கும் முறையை உயர் வருமான வரி என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வேறு வழி இருந்ததா? இருந்தது, இலங்கையே அதை ஒருமுறை செய்தும் காட்டியது. 2022 ஏப்ரலில் நிறைவேறிய மேலதிக வரிச் சட்டம், 2020/21 மதிப்பீட்டு ஆண்டில் வரிக்குரிய வருமானம் 200 கோடி ரூபாவைத் தாண்டியோரிடம் ஒரே தடவைக்கு 25 சதவீதம் கேட்டது. ஊழியர் சேமலாப நிதியமும் முதல் வரைவில் சிக்கியிருந்தது. எதிர்ப்புக்குப் பின் விலக்கப்பட்டது. முடிந்துபோன ஆண்டின் வருமானத்தை எவரும் முன்னே பின்னே நகர்த்த முடியாது. பிரித்தானிய அனுபவம் இதற்கு நேர்மாறு. 150,000 பவுணுக்கு மேல் 50 சதவீதம் என்று 2009 இல் அறிவித்து 2010 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தினார்கள். கிடைத்த இடைவெளியில் 1,600 முதல் 1,800 கோடி பவுண் வரையிலான வருமானத்தைச் செல்வந்தர்கள் பழைய ஆண்டுக்குள் இழுத்துக்கொண்டதாக அந்நாட்டு வரித் திணைக்களமே மதிப்பிட்டது. 2013 இல் வீதம் 45 ஆகக் குறைக்கப்பட்டது. பின்னோக்கிய வரியைப் பழக்கமாக்கினால் எந்த முதலீட்டாளரும் சட்டத்தை நம்பமாட்டார். ஆனால் ஒரு நாடு வங்குரோத்தாகும் வேளையில் ஒரு தடவைக்கு அதைக் கேட்பது, மாதம் 2 இலட்சம் பெறுபவரிடம் ஆண்டுக்கணக்காகக் கேட்பதைவிட நீதியானது.

வரி உயர்ந்தால் உழைப்பவர்கள் புலம்பெயர்வார்கள் என்ற மறுப்பு கனமானது. 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டனர். அது வரி உயர்வுக்கு முந்தைய ஆண்டு. ரூபாவின் வீழ்ச்சியும் எரிபொருள் வரிசையும் போதிய காரணங்கள். பின்னர் வந்த வரி, போகலாமா என்று தயங்கியிருந்த வைத்தியரின் தயக்கத்தைப் போக்கியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. அவர் தம் உழைப்பைக் கையோடு கொண்டுபோகலாம்; கொழும்பு 7 இல் உள்ள காணியை எவரும் கொண்டுபோக முடியாது. நகரக்கூடியதற்குக் கடும் வரியும் நகராததற்கு இலகு வரியும் விதித்ததுதான் 2023 திருத்தத்தின் மிகப்பெரிய பிழை.

2025 ஏப்ரலில் வரிவிலக்கு எல்லை 18 இலட்சமாக உயர்ந்தது; மாதம் 2 இலட்சம் பெறுபவரின் வரி 10,500 இலிருந்து 3,000 ஆயிற்று. வட்டி மீதான மூலப்பிடிப்பும் 10 சதவீதமானது. ஆயினும் இந்த நிவாரணம் பொருளாதாரம் வளரத் தொடங்கியபின் வந்தது. சரிவில் சுமையேற்றி மீட்சியில் இறக்குவது நிதிக்கொள்கையைத் தலைகீழாக நடத்துவதாகும். வரிவிலக்கு எல்லையும் படிகளும் ஆண்டுதோறும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து நகர வேண்டும் என்று உள்நாட்டு இறைவரிச் சட்டத்திலேயே எழுதியிருந்தால், 2023 இல் கோடு தானாகவே மேலே போயிருக்கும். அதனால் குறையும் வருமானத்தை ஈடுசெய்யச் சொத்து வரி வேண்டும். வாடகைக்கு விடாத சொத்துக்கும் கணக்கிட்ட வாடகை மீது வரி விதிக்கும் திட்டம் சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டில் 2025 க்கென்று குறிக்கப்பட்டிருந்தது, அது பிற்போடப்பட்டது. அதற்குத் தேவையான காணி மதிப்பீட்டுப் பதிவேட்டை நாடு தழுவி முடிப்பதே திறைசேரியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.