சவப்பெட்டி சுமந்த நால்வர்

திருப்பூரை உள்ளடக்கிய கோவை வட்டாரத்தில் 1830இல் காலூன்றியது லண்டன் மிஷன். கிழக்கே கொல்லிமலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றியது ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன். 'ஸ்டிரிக்ட்' என்னும் அடைமொழி ஒரு கொள்கையைக் குறிப்பது. விசுவாசத்தை அறிக்கையிட்டு நீரில் முழுகி ஞானஸ்நானம் பெறாதவர், கிறிஸ்தவரே ஆயினும், அச்சபையின் திருவிருந்தில் பங்குகொள்ள இயலாது. இதனை வெறும் பிரிவினைவாதம் என ஒதுக்கிவிடத் தோன்றும். எனினும் சக கிறிஸ்தவரிடம் இத்துணைக் கடுமை காட்டிய பாப்டிஸ்டுகள், இந்திய மண்ணில் அதே கடுமையைச் சாதியின்மீதும் காட்டினர் என்பது நாம் கருதத்தக்கது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனின் ஆலயங்களில் சாதிவாரி இருக்கைகள் நிலைபெற்றிருந்தன. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை அறவே கைவிடுமாறு சுற்றுமடல் விடுத்தபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபைகள் கொந்தளித்தன. பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்ப்பின் குரலாக நின்றார்.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வங்காளத்துச் செராம்பூரில் வில்லியம் கேரியும் தோழர்களும் இச்சிக்கலைத் தீர்க்க முற்பட்டிருந்தனர். அவர்களின் முதல் இந்து விசுவாசி தச்சர் கிருஷ்ண பால்; 1800 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்றவர். 1803இல் அவர் மகளைக் குலீன பிராமணரான கிருஷ்ண பிரசாத் மணந்தார். அதே ஆண்டில் கோகுல் என்னும் விசுவாசி இறந்தார். பிற சாதியார் பிணத்தைச் சுமப்பது சாதியை இழப்பதாகக் கருதப்பட்ட காலம் அது. அவரது பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்தோர் நால்வர்: மார்ஷ்மன், கேரியின் மகன் பெலிக்ஸ், பிராமணராய் இருந்த பைரவ், முஸ்லிமாய் இருந்த பீரு. நம்மவர் ஒருவர் மார்க்கம் மாறிய செய்தி நமக்கு உவப்பானதன்று. ஆயினும் ஜனாஸாவுக்குத் தோள்கொடுப்பதில் குலம் பார்க்காத மரபிலிருந்து சென்றவருக்கு அச்சுமை புதிதாய் இருந்திராது. திருமணத்தைப் பொறுத்தவரை அவ்வளவு எளிதாய்ப் பெருமைகொள்ள நமக்கு இயலவில்லை. 'குஃபு' என்னும் ஃபிக்ஹுச் சொல்லைக் காட்டி, நாவிதத் தொழில் செய்யும் குடும்பத்தோடு சம்பந்தம் மறுப்போர் நம் மஹல்லாக்களிலும் உண்டு.

பாப்டிஸ்டுகளின் இக்கடுமை எங்கும் ஒருபோல் செல்லவில்லை. அமெரிக்காவில் அது நிறத்தின்முன் வளைந்துபோயிற்று. அடிமைகளை உடையோரை மிஷனரியாக நியமிக்கலாமா என்ற பூசலில், 1845 மே மாதம் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் தென்னகத்தார் பிரிந்து சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனை நிறுவினர். (அந்நாட்டின் அடிமைகளுள் ஆப்பிரிக்க முஸ்லிம்களும் இருந்தனர் என்பது நம் வாசகர் அறிந்ததே.) அடிமைமுறைக்கும் இனவெறிக்கும் துணைநின்றமைக்காக அவ்வமைப்பு முறையாக வருத்தம் தெரிவித்தது 1995இல், இடையில் ஓடியவை நூற்றைம்பது ஆண்டுகள்.

வடபுலத்து பாப்டிஸ்டுகள் அனுப்பிய ஜான் கிளஃப், உள்நாட்டுப் போர் முடியுமுன்பே கப்பலேறி, 1866இல் ஆந்திரத்து ஓங்கோலில் குடியமர்ந்தார். முதலில் வந்தோர் எர்ரகுண்ட்ல பெரய்யா முதலான மாதிகர்கள்; தோல்தொழில் செய்தோர். அவர்களைச் சேர்க்காவிடில் தாங்கள் வருவதாக உயர்சாதியார் கூறினர். கிளஃப் இணங்கவில்லை. 1876–78 பஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை ஒப்பந்தமாக எடுத்து, பசித்தோருக்குக் கூலிவேலை அளித்தார். சோற்றுக்காக மதம் மாறினர் என்ற பழி வாராதிருக்கப் பஞ்சகாலத்தில் ஞானஸ்நானத்தை நிறுத்தியும் வைத்தார். பஞ்சம் தணிந்தபின், 1878 ஜூலை 3ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் ஒரே பகலில் 2,222 பேர் முழுகி எழுந்தனர்.

இங்கேதான் வரலாறு விந்தையானதொரு திருப்பம் கொள்கிறது. மாதிகர்கள் திரளாக பாப்டிஸ்டுகளாயினர். அவர்களோடு நெடும்பகை கொண்டிருந்த மாலர்கள் பெரும்பாலும் லுத்தரன், லண்டன் மிஷன் முதலிய பிற சபைகளை நாடினர். சாதியை மறுத்துக் கட்டிய சபையே, தெலுங்குச் சிற்றூர்களில் ஒரு சாதியின் பெயராயிற்று. 'எந்தச் சபை?' என்று கேட்டால், கேட்டவருக்குக் கிடைத்த விடை பலவேளை 'எந்தச் சேரி?' என்பதற்கும் சேர்த்தேயிருந்தது.