ஊர்ப் பொதுக்காரியமும் பொது இணக்கமும்: குடவோலை முதல் கிராம சபை வரை

ஓர் ஊரில் ஏரிக்கரை உடைந்துவிட்டது. அதை அடைக்க மண் வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். யாருடைய நிலத்தில் மண் எடுப்பது? யார் வீட்டிலிருந்து ஆள் வருவது? ஏரித் தண்ணீர் பாயாத மேட்டு நிலத்துக்காரர் ஏன் பணம் தர வேண்டும்? பொதுக்காரியம் என்பது இத்தகைய கேள்விகளில்தான் தொடங்குகிறது. எல்லோரும் ஒரே கருத்துடையவராக இருந்தால் சபையும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். கருத்து வேறுபடுவதால்தான் இரண்டும் தேவைப்படுகின்றன.

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி ஒன்றியத்தைச் சேர்ந்த இண்டூர் போன்ற ஊர்களை முழுக் கிராமம் என்றும் சொல்ல முடியாது, நகரம் என்றும் சொல்ல முடியாது. கடைவீதியும் உண்டு, கழனியும் உண்டு. இத்தகைய ஊர்கள் தம் பொதுக்காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் முறை தமிழகத்தில் எவ்வாறு வளர்ந்தது, எங்கே தவறியது, எங்கே திருத்தப்பட்டது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சோழர் கால அவைகள்

சோழர் காலத்தில் ஊர் நிருவாகம் பல வகை அவைகளிடம் இருந்தது. வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களில் நிலமுடையோர் கூடிய அவை 'ஊர்' எனப்பட்டது. பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலங்களில் இருந்தது 'சபை'. வணிகர் வாழ்ந்த பட்டினங்களில் இருந்தது 'நகரம்'. பல ஊர்கள் சேர்ந்த பரப்பின் அவை 'நாடு'. இன்றைய தருமபுரிப் பகுதி அக்காலத்தில் தகடூர் நாடு என்று அறியப்பட்டது. சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகராக இருந்த தகடூரே இன்றைய தருமபுரி.

இம்மாவட்டத்தில் பரவலாகக் கிடைக்கும் நடுகற்களும் பொதுக்காரியத்தின் சான்றுகளே. ஊரின் ஆநிரையைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபட்டார்கள். ஊருக்காக ஒருவன் செய்ததை ஊர் மறக்கக் கூடாது என்பது அக்கல் சொல்லும் செய்தி.

உத்தரமேரூர்க் கல்வெட்டு

ஊர் நிருவாகத்தின் விதிகளை விரிவாகச் சொல்லும் கல்வெட்டுகள் காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது ஏறத்தாழ கி.பி. 919, 921.

உத்தரமேரூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோருமாகச் சபை கூடியிருக்கும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கிய பின் அதிலிருந்து ஓர் ஓலையை எடுப்பான். நடுவராகிய மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அந்த ஓலையை வாங்கி, உரக்கப் படிப்பார். பின்னர் நம்பிமார் அனைவரும் அதைப் படிப்பர். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும்.

விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைக்க இடம் தரக் கூடாது என்பதற்காகவே. சிறுவனை ஏன் எடுக்கச் சொல்ல வேண்டும்? அவனுக்கு யாரும் வேண்டியவர் இல்லை, வேண்டாதவரும் இல்லை. நடுவரையும் முழுவதும் நம்பிவிடாமல், ஏமாற்றுவதற்கான வழியை அடைத்து வைத்தார்கள்.

இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வாரியங்களாகப் பிரிந்து பணியாற்றினர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவையும் இருந்தன. பதவிக்காலம் 360 நாள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது.

கணக்குக் காட்டாதவரின் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார் என்று உறவுகளை வரிசையாக அடுக்கி விலக்கியிருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தவறு செய்தவர் தம் உறவினர் பெயரில் மீண்டும் பதவிக்குள் நுழைவது அன்றும் நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விதிக்கே வேலை இல்லை.

இரண்டு ஆண்டுகளில் விதியைத் திருத்தினார்கள் என்பதும் முக்கியமானது. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. செய்து பார்த்து, குறை கண்டு, மாற்றியிருக்கிறார்கள்.

சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பழைய ஏதென்சு நகரில் ஐந்நூற்றுவர் அவைக்கு உறுப்பினர்கள் சீட்டு முறையில் எடுக்கப்பட்டனர். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வெனிசு நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நடைமுறையிலும் ஒரு சிறுவனே சீட்டுருண்டைகளை எடுத்தான். கட்சி கட்டி மோதும் குடும்பங்கள் நிறைந்த ஊரில், தோற்றவருக்கும் மனத்தாங்கல் வராத வழி இது. ஒருவர் வென்று ஒருவர் தோற்கவில்லை, சீட்டு விழவில்லை, அவ்வளவுதான்.

குடத்துக்குள் வராத பெயர்கள்

குடவோலை முறையைப் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் குடத்துக்குள் யாருடைய பெயர் போனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதப் பயிற்சி இருக்க வேண்டும். ஒரு வேதமும் அதன் உரையும் கற்றவராயின் அரைக்கால் வேலி போதும்.

எனவே நிலமற்றோர், உழைப்பாளர்கள், பிற சாதியினர், பெண்கள் எவருடைய பெயரும் அந்தக் குடத்தில் இல்லை. நடைமுறை மிக நேர்மையானது. ஆனால் அது ஒரு சிறு வட்டத்துக்குள் மட்டும் நேர்மையாக இருந்தது. அதன் பிறகான வரலாறு பெரும்பாலும் அந்த வட்டத்தை விரிப்பதற்கான போராட்டமே.

ஆங்கிலேயர் காலம்

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. சிறு நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் தன்னாட்சி வரப் பல காலம் ஆயிற்று. 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தல சுயாட்சிக்கு வழி திறந்தது. 1884-இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிகளுக்கும் தல போர்டுகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற மூன்று அடுக்குகள் அமைந்தன. 1920-இல் இச்சட்டங்கள் விரிவாக்கப்பட்டன. இருந்தாலும் சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு என்ற நிலை தொடர்ந்தது.

அன்று தருமபுரி, சேலம் மாவட்டத்தின் பகுதி. 1917-இல் சேலம் நகராட்சித் தலைவராக வந்தவர் ராஜாஜி. அதே காலத்தில் பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர் ஈ. வெ. ராமசாமி. ஈரோட்டில் காவிரி நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்ததும், நெருக்கடியான வீதிகளை அகலப்படுத்தியதும் ஈ.வெ.ரா. காலப் பணிகளாக இன்றும் பேசப்படுகின்றன. பின்னாளில் இருவரும் அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக நின்றார்கள். நட்பை மட்டும் இறுதிவரை விடவில்லை. குடிநீர், சாக்கடை, வீதி என்று தெரு அளவில் பொறுப்பேற்றுப் பழகியவர்கள் இருவரும். கொள்கையில் மோதிக்கொண்டே ஒருவரையொருவர் மதிக்க முடியும் என்பதற்கு அவர்களே சான்று.

விடுதலைக்குப் பின்

1950-இல் சென்னைக் கிராம ஊராட்சிச் சட்டம் வந்தது. காமராசர் ஆட்சியில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பதால் வட்டம் பெரிதும் விரிந்தது. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி தனி மாவட்டம் ஆனது.

ஆனால் தேர்தல்கள் ஒழுங்காக நடக்கவில்லை. நடத்துவதும் தள்ளிப்போடுவதும் அரசின் விருப்பமாக இருந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தலைக் கட்டாயம் ஆக்கியது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு அளித்தது. அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. உத்தரமேரூர்க் குடத்தில் இல்லாத பெயர்கள் அப்போதுதான் தலைவர் நாற்காலிக்கு உரியவையாயின.

சட்டம் வந்தது, மனம் வரவில்லை

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புக்கிடையே தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 சூன் 30 அன்று மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். தலைவராக வந்ததைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் முறையான தலைவரே இல்லை. வேட்புமனு போட ஆள் வரமாட்டார். வந்து வென்றவர் உடனே பதவி விலகிவிடுவார். ஊரே ஒற்றுமையாக முடிவு செய்துவிட்டதாக வெளியில் சொல்லப்பட்டது. உண்மையில் அது அச்சம். ஒரு பகுதியினரின் வாயை அடைத்துவிட்டுக் கிடைக்கும் அமைதிக்கு இணக்கம் என்று பெயரிட முடியாது.

2006 அக்டோபரில் இந்நிலை மாறியது. மாவட்ட நிருவாகமும் அரசியல் கட்சிகளும் ஊர் ஊராகச் சென்று பலமுறை பேசின. நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, தலைவர்கள் பொறுப்பேற்றனர். சென்னையில் அரசு 'சமத்துவப் பெருவிழா' நடத்தி அவர்களைப் பாராட்டியது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராம சபையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். சட்டத்தின் உறுதியும் பொறுமையான பேச்சும் சேர்ந்தபோதுதான் வழி பிறந்தது. ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

தருமபுரியின் பாடம்

நம் மாவட்டத்துக்கும் இப்பாடம் புதிதல்ல. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய பட்டியல் சாதிக் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணத்தை ஒட்டி எழுந்த பகை அது. ஒரே சந்தைக்கும் ஒரே பள்ளிக்கும் போய்வந்த மக்களிடையே பேசித் தீர்க்கும் களம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்த நாள் காட்டியது.

இதே மாவட்டம் பொது நன்மையின் மறுபக்கத்தையும் கண்டிருக்கிறது. தருமபுரி, கிருட்டிணகிரி வட்டாரங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறை படிந்த மாணவர்களை இங்கே பணியாற்றிய ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். எலும்பையும் மூட்டையும் தாக்கும் இந்நோய்க்குச் சாதி தெரியாது, கட்சி தெரியாது. இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பான் நாட்டுக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்டது. 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் சிறிது காலம் தயங்கி நின்றது. 2013 மே மாதம் முதலமைச்சர் செ. செயலலிதா தொடங்கி வைத்தார். ஒரு கட்சி ஆட்சியில் தொடங்கியதை எதிர்க்கட்சி ஆட்சி முடித்தது. மக்களின் தேவை ஐயத்துக்கு இடமின்றி இருந்தால், எதிரெதிர்க் கட்சிகளும் ஒரே குழாயில் தண்ணீர் விடும்.

கிராம சபை

குடவோலை அவைக்கு இன்றைய வாரிசு கிராம சபை. வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுவதாகத் தமிழக அரசு அறிவித்துள்ளது. ஊராட்சியின் வரவு செலவு, பயனாளிகள் பட்டியல், செய்ய வேண்டிய பணிகள் எல்லாம் அங்கே வைக்கப்பட வேண்டும். மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் விதிக்கப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடு ஆயிற்று. 2019 டிசம்பரில் தருமபுரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது.

ஆனால் பல ஊர்களில் கிராம சபை என்றால் கையெழுத்துப் புத்தகம் வீடு வீடாகச் சுற்றுவதுதான். தலைவராக வந்த பெண்ணின் நாற்காலியில் கணவர் உட்காருகிறார். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே விலக்கிய மண்ணில், கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பவரைக் குழப்பக்காரர் என்கிறோம்.

முடிவுரை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, இணக்கம் என்பது எல்லோரும் ஒன்றுபோல் நினைப்பதன்று. வேறுபட்டு நினைப்பவர்கள் ஒரே நடைமுறையை ஏற்பது. இரண்டாவது, அந்த நடைமுறை எல்லோர் கண் முன்னும் நடக்க வேண்டும். மூன்றாவது, குடத்துக்குள் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் உத்தரமேரூர் கண்டுகொண்டது. மூன்றாவதற்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரிது.

இண்டூராக இருந்தாலும் வேறு எந்த ஊராக இருந்தாலும், அடுத்த கிராம சபை நாளில் மாணவர்கள் தம் பெற்றோருடன் ஒருமுறை சென்று உட்கார்ந்து பார்க்கலாம். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறது, யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று கவனிக்கலாம். பாடப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் வினாவாகப் படித்த குடவோலை, அப்போது வேறு பொருளில் விளங்கும்.