கம்ப்ரசர் பூட்டிய பி.எம்.டபிள்யூ.

1939 ஜூன் 16. ஐல் ஆஃப் மேன் தீவில் சீனியர் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயம். ஒரு சுற்று ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதுபோல் ஏழு சுற்று. ஊர்த் தெருக்கள், கல்சுவர்கள், பாலத்து மேடுகள், ஸ்னேஃபெல் மலைச்சரிவு எல்லாவற்றையும் தாண்டி மணிக்குச் சராசரியாக 143.8 கிலோமீட்டர் வேகத்தில் முதலில் வந்து சேர்ந்தார் கியோர்க் மையர் என்ற ஜெர்மானியர். ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர் சீனியர் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அவர் ஓட்டியது பி.எம்.டபிள்யூ. 255 கம்ப்ரசர்.

இரண்டு சிலிண்டர்களும் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும் 492 சி.சி. பாக்ஸர் இன்ஜின் அது. கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனையிலேயே கம்ப்ரசரை, அதாவது சூப்பர்சார்ஜரைப் பொருத்தியிருந்தார்கள். இன்ஜின் சுழலும்போது சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் தகடுகளும் சுழன்று, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அழுத்தி, நீண்ட குழாய்கள் வழியே சிலிண்டர்களுக்குள் திணிக்கும். சாதாரண இன்ஜின் தானாக உறிஞ்சிக்கொள்வதைவிட அதிகக் கலவை உள்ளே போவதால் ஒவ்வொரு வெடிப்பிலும் விசை கூடும். இந்தச் சிறிய இன்ஜின் 60 குதிரைத்திறன் வரை கொடுத்தது. இத்தனை பாகங்களைச் சுமந்தும் வண்டியின் எடை 138 கிலோதான்! திறனை மட்டும் புகழ்பவர்கள் இந்த எடையைக் கவனிப்பதில்லை. மலைச்சாலையில் வண்டியைச் சாய்த்துத் திருப்ப வேண்டியவருக்கு இந்த இலகுவும் முன்சக்கரத்தின் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் பெரிய துணை.

வெற்றிக்கு முன்பே பி.எம்.டபிள்யூ. அணியில் சாவு விழுந்திருந்தது. பயிற்சி ஓட்டத்தில் பல்லாக் பாலத்தருகே விழுந்த கார்ல் கால், காயத்திலிருந்து மீளவில்லை. மிஞ்சியவர்கள் மையரும் ஆங்கிலேயரான ஜாக் வெஸ்டும். வெஸ்ட் இரண்டாவதாக வந்தார். அவர்களுக்கு வலுவான போட்டி தரக்கூடிய நார்ட்டன் நிறுவனம், ராணுவ வண்டித் தயாரிப்பில் மூழ்கி, அந்த ஆண்டு அதிகாரபூர்வ அணியை அனுப்பவில்லை. வெற்றியை எடைபோடும்போது அதையும் சொல்வதே நியாயம். ஆனாலும் கூட்டாளியை இழந்தவர் அதே சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிசகாமல் ஓட்டியதை எந்தக் காரணமும் சிறிதாக்காது.

பிரிட்டிஷ் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. அதே கோடையில் அல்ஸ்டர் கிராண்ட் பிரீயில் வால்டர் ரஸ்க், சூப்பர்சார்ஜர் பூட்டிய ஏ.ஜே.எஸ். நான்கு சிலிண்டர் வண்டியில் மணிக்கு 100 மைல் சராசரியில் ஒரு சுற்றை முடித்துக் காட்டினார். வெலோசெட் நிறுவனம் ‘ரோரர்’ என்ற வண்டியை டி.டி. பயிற்சிக்குக் கொண்டுவந்திருந்தது. அது பந்தயத்தில் இறங்குவதற்குள் போர் வந்துவிட்டது.

போர் முடிந்து 1946-ல் சர்வதேச மோட்டார் சைக்கிள் அமைப்பு சூப்பர்சார்ஜருக்குத் தடை போட்டது. சர்வதேசப் பந்தயங்களிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த ஜெர்மனியை அந்த விதி உடனே தொடவில்லை. மையர் தன் நாட்டுக்குள் அந்த வண்டியை ஓட்டி, 1947 முதல் 1950 வரை தொடர்ந்து ஜெர்மன் சாம்பியனானார். பிரிட்டனில் ரோரர் அப்படியே நின்றுபோனது. சூப்பர்சார்ஜரை மனத்தில் வைத்தே சிலிண்டர்களைக் கிட்டத்தட்டப் படுக்கையாக அமைத்திருந்த ஏ.ஜே.எஸ். ‘போர்க்குப்பைன்’ வண்டியோ அது இல்லாமலே களமிறங்க வேண்டியதாயிற்று. 1949-ல் முதன்முதலாக நடந்த 500 சி.சி. உலக சாம்பியன் போட்டியில் லெஸ் கிரகாம் அதை ஓட்டித்தான் பட்டம் வென்றார்.