கைத்திறனும் கணக்கேடும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருந்தெருவில், சிவனொளிபாதமலைச் சாரலினின்று இறங்கிவரும் குரு கங்கையின் அருகே அமைந்துள்ளது குருவிட்ட. இதற்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென என்னும் குகையைப் பி. இ. பி. தெரணியகலவும் அவருக்குப் பின் சிரான் தெரணியகலவும் அகழ்ந்து ஆராய்ந்தனர். 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய மண்படைகளில் அங்கே நுண்கற்கருவிகள் கிடைத்தன. படிகக்கல்லைப் பிறை வடிவாகவும் முக்கோணமாகவும் உடைத்து ஒழுங்குசெய்த, விரலளவுகூட நீளாத கருவிகள் அவை. ஐரோப்பாவில் இத்தகைய கருவிகள் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே குருவிட்டக் காட்டில் வாழ்ந்தோர் இந்நுட்பத்தைக் கைவரப் பெற்றிருந்தனர். அவர்தம் மொழியும் பெயரும் அழிந்தன. கைத்திறன் மட்டும் கல்லில் நின்றது.

இந்நிலப்பகுதியில் கைத்திறனுக்குக் குறைவு ஏற்பட்டதேயில்லை. இரத்தினக்கல் அகழ்வோர் சரளை மண்ணைக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றும் சுழற்சியும், ஒரு கையால் வில்லை இழுத்துச் சாணைச் சக்கரத்தை ஓட்டி மறுகையாற் கல்லைப் பிடித்துப் பட்டை தீட்டும் நேர்த்தியும் நெடுங்காலமாகப் புகழப்பட்டவை. ஆயின் இதே மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாள்தோறும் விடியுமுன் நிகழ்ந்துவரும் வேறொரு கைவினை திறன் என்றே எண்ணப்படவில்லை. அஃது இறப்பர் மரத்திற் பால்வெட்டும் வினையாகும்.

பழந்தமிழ் நூல்கள் வினைஞரைப் போற்றத் தயங்கியவை அல்ல. வள்ளுவர் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் வகுத்தார். அவை அமைச்சியலில் அமைந்தவையாயினும், செயலின் செம்மையைத் தனியே வைத்து எண்ணிய உள்ளத்தைக் காட்டுவன. மணிமேகலை ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்து மண்டபம் ஒன்றைக் கூறுமிடத்து, மகதத்து வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடி அதனை இயற்றினர் என்று நாடு சுட்டிப் பாராட்டுகின்றார். அரசன் மண்டபத்தை இயற்றியோர்க்குக் காப்பியத்தில் இடம் கிடைத்தது. கடல்கடந்து சென்று காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கிய தமிழர்க்கோ கங்காணியின் கடன் ஏட்டிலும் கணக்கப்பிள்ளையின் பதிவேட்டிலுமே இடம் கிடைத்தது. அப்பதிவேட்டில் ஒருநாள் வேலைக்கு வழங்கிய சொல் ‘பேர்’ என்பதாகும். முழுநாள் உழைத்தவர்க்கு ஒரு பேர், குறைந்தவர்க்கு அரைப்பேர். பேர் என்பது எண்ணாகிய விந்தை இது.

இறப்பர் இலங்கைக்கு வந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொணர்ந்தார். கியூ பூங்காவில் முளைத்த நாற்றுகளுள் சுமார் 1,900 அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மரம் வளர்ந்தது, அதிற் பாலெடுக்கும் முறைதான் புலப்படவில்லை. அமேசான் காடுகளிற் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர். அம்முறை தோட்டத்து மரத்துக்கு ஆகாது. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி, வெட்டிய காயத்தின் விளிம்பையே மீண்டும் மீண்டும் மெல்லச் சீவும் முறையை நிறுவினார். அங்ஙனம் சீவச் சீவப் பால் பெருகும் இயல்பைப் பேராதனையில் ஜான் பார்க்கின் 1899 அளவில் ஆராய்ந்து விளக்கினார். இவ்விருவர் புகழும் தக்கதே. ஆனால் முறை வேறு, அம்முறையைப் பல்லாயிரம் மரங்களில் பிழையின்றி நடத்தும் கை வேறு.

அக்கை செய்வது யாது? மரத்தின் பட்டையில் பால்குழாய்கள் நேர்நிமிர்ந்து செல்வதில்லை; சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. ஆகையால் வெட்டு இடமேலிருந்து வலக்கீழாக, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அமைதல் வேண்டும். அப்பொழுதே மிகுதியான குழாய்கள் அறுபடும். குழாய்கள் செறிந்திருப்பதோ பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய வளர்படைக்கு அணித்தாக. மேலோடு நின்றாற் பால் குறையும். வளர்படையைத் தொட்டால் மரம் புண்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னர் அவ்விடம் வெட்டுக்கு உதவாது. இரண்டுக்கும் நடுவே விடவேண்டிய பட்டை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒவ்வொரு முறையும் சீவப்படும் பட்டையும் ஏறக்குறைய அவ்வளவே. அளவுகோல் வைத்துப் பார்க்க நேரமில்லை, வெளிச்சமும் இல்லை. கத்தி பட்டையிற் செல்லும்போது கைக்குத் தெரியும் தடையொன்றே அளவு.

வேலை விடியுமுன் தொடங்குவதற்கும் காரணமுண்டு. இரவில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்; வெயில் ஏற ஏற அது தளர்ந்து பால் குன்றும். எனவே 250 அல்லது 300 மரங்களைச் சில மணி நேரத்துக்குள் வெட்டி முடித்தல் வேண்டும். மரத்துக்கு ஒரு நிமிடம் கூடக் கிட்டாது. அந்நேரத்துள் முன்னாள் வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து, பட்டையைச் சீவி, சிரட்டையைத் துடைத்து வைத்து, அடுத்த மரத்துக்கு நடத்தல் வேண்டும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரி மாவட்டத்தில் நிலம் வழுக்கும், அட்டை கடிக்கும், பட்டை நனைந்தால் பால் வெட்டின் வழியே ஓடாது பரந்து வீணாகும். மழை வருமா, வெட்டலாமா என்பதும் ஒரு தீர்ப்பே.

கைப்பிழை உடனே தெரிவதில்லை என்பது இத்தொழிலின் கடுமை. ஒருபக்கப் பட்டை தீர ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். மறுபக்கம் முடிந்து மீண்டும் அதே இடத்துக்கு வரும்போதுதான் முன்னைய வெட்டின் தரம் புலனாகும். இவ்வாறு பத்தாண்டுக்கு அப்பால் வரும் விளைவை நோக்கி ஒருகணத்திற் கையை அடக்கும் வினையைத் ‘திறன்வேண்டா உழைப்பு’ என வகுத்தனர். வகுத்தவர் அறியாதவரல்லர். திறனென ஒப்பினால் அதற்கேற்ற கூலியும் ஒப்ப நேரும் அன்றோ? இத்திறன் எப்பள்ளியிலும் கற்பிக்கப்படாமல் தாய் தந்தையர்பின் நடந்த பிள்ளைகளால் கற்கப்பட்டமையும் அப்பெயருக்கு வசதியாயிற்று.

தேயிலை மலைகளிற் பெண்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் கொழுந்தும் அத்தகையதே. மட்டக்கம்பை வாதின்மேல் வைத்து உயரம் பேணி, இரு கையாலும் ஒருங்கே பறிக்கும் அவ்வேலைக்கு ஆணுக்குரிய கூலி சட்டப்படி கிடைக்க 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

திறனின் அருமை, அது கைவிடப்பட்டபோது வெளிப்பட்டது. 1942 இல் மலாயா யப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரிற் பெரும்பகுதி இலங்கையினின்றே செல்லவேண்டியதாயிற்று. பட்டையைக் காத்தல் வேண்டா, பாலே வேண்டும் என்று கொலைவெட்டு நடத்தப்பட்டது. வாழ்நாளெல்லாம் மரம் காத்த கைகளே மரத்தைக் கெடுக்க ஏவப்பட்டன. போர் முடிந்தது, நலிந்த தோட்டங்கள் நின்றன, அவற்றை மீள நடுவதற்கு 1953 இல் அரசு உதவித்தொகைத் திட்டம் வகுக்கவேண்டி வந்தது. இதற்கிடையே 1952 இல் சீனத்தோடு செய்த உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெற்றது இலங்கை. நாட்டின் சோற்றுக்கு அவ்வெட்டுக் கத்தி துணைநின்றது.

அவ்வரிசி வந்திறங்குமுன்னரே, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்க்கலாம் என விட்டது. ஈண்டும் பேர் என்பது எண்ணே. 1974 இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பகிரப்பட்டது.

கணக்கில் எழுதப்படாத ஒன்றும் அவர்களோடு கப்பலேறியது. தாயகம் திரும்பியோர்க்கென நீலகிரியில் 1968 இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே 1976 இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் வனத்துறை வளர்த்த இறப்பர்த் தோட்டங்கள் 1984 இல் அரசு இறப்பர்க் கழகத்தின்கீழ் வந்தன. அங்கும், கர்நாடகத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் அரசுத் தோட்டங்களிலும் பால்வெட்ட அமர்த்தப்பட்டோருள் இலங்கையினின்று சென்றவர்களும் இருந்தனர். இலங்கை மரத்திற் பழகிய கை இந்திய மரத்திலும் அதே சரிவிற் கத்தியை வைத்தது. திறன்வேண்டா உழைப்பாயின், அவ்வேலைக்கு அவர்களைத் தேடி அமர்த்துவானேன் என்ற வினாவுக்கு இரு நாட்டுப் பதிவேடுகளிலும் விடையில்லை.

சபரகமுவத் தோட்டங்களிற் சிங்களக் கிராமத்தவரும் தமிழரோடு அருகருகே நின்று பால்வெட்டினர். சிறு இறப்பர்க் காணிகள் இன்று பெரும்பாலும் அவர்கள் கையில் உள்ளன. வெட்டுவாயில் உறைந்து, மறுநாள் உரித்தெடுத்துத் தனி விலைக்கு விற்கப்படும் அந்த ஒட்டுப்பாலை அவர்கள் சிங்களத்தில் ‘ஒட்டபாலு’ என்றே வழங்குகின்றனர்.